போர்க்களமும் பழைய ஏடுகளும்

1863-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆம் நாள் பிற்பகல். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சுற்றிலும் வடமாநிலப் படையும் தென்மாநிலப் படையும் மூன்றாம் நாளாகப் பொருதுகொண்டிருந்தன. நண்பகலில் சிறிது நேரம் எங்கும் ஓர் அமைதி. பிறகு தென்மாநிலத்தாரின் பீரங்கிகள் ஒருங்கே முழங்கத் தொடங்கின. அவ்வூர்க் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்த மைக்கேல் ஜேக்கப்ஸ் என்னும் பேராசிரியர், தம் ஊரே போர்க்களமாகிக் கிடந்த அந்த வேளையிலும், தம் கடிகாரத்தைப் பார்த்து முதற் குண்டு முழங்கிய நேரத்தைக் குறித்து வைத்தார். மணி 1; நிமிடம் 7. நாள்தோறும் மும்முறை வெப்பநிலையைக் குறித்து வைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அன்று பிற்பகல் 2 மணிக்கு வெப்பம் 87 பாரன்ஹீட் பாகை என்பதையும் அவர் ஏட்டிலிருந்தே நாம் அறிகிறோம்.

மாணவ நண்பர்களே, அதே பீரங்கி முழக்கத்தை நேரிற் கேட்ட படைத்தலைவர்கள் பலர். அவர்கள் தத்தம் அறிக்கைகளிலும் நேரத்தைக் குறித்திருக்கிறார்கள். ஒருவர் நண்பகல் என்கிறார். மற்றொருவர் 1 மணி என்கிறார். இன்னொருவர் 2 மணிக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறார். முழக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதிலும் இவ்வாறே வேறுபாடு. இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நினைத்தல் தவறு. அமெரிக்காவில் பொது நேரம் என்பதே அப்போது இல்லை. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். புகைவண்டிக் கம்பெனிகள் கூடிப் பொது நேரத்தை ஏற்படுத்தியது 1883-ஆம் ஆண்டில்தான். தெற்கிலிருந்து வந்த அதிகாரியின் கடிகாரம் ஒன்று காட்டும். வடக்கிலிருந்து வந்தவருடையது வேறொன்று காட்டும். தலைக்கு மேலே குண்டு பறக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தவர்தாம் எத்தனை பேர்? ‘எப்போது நடந்தது?’ என்ற மிக எளிய வினாவுக்கே இந்தக் கதி. இப்படிப்பட்ட ஏடுகளிலிருந்து ஒரு போரின் வரலாற்றை எவ்வாறு எழுதுகிறார்கள்? இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

படை என்றால் நமக்குத் துப்பாக்கியும் குதிரையும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் படையைப் போல் ஓயாமல் எழுதுகின்ற நிறுவனம் வேறொன்று இராது. காலைதோறும் ஆள்கணக்கு, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சம்பளத்துக்காகப் பெயர்ப்பட்டியல், கட்டளை, தந்தி, மருத்துவமனைப் பதிவு, செத்த குதிரைகளின் கணக்கு, சண்டை முடிந்ததும் ஒவ்வொரு தலைவரும் தமக்கு மேலுள்ளவருக்கு அனுப்பும் அறிக்கை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இவை மலை மலையாகக் குவிந்தன. அடிமை முறையைக் கைவிட மனமின்றிப் பதினொரு தென்மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்துக்கொண்டதால் மூண்ட போர் அது என்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

போர் முடிவதற்கு முன்னரே, 1864-ஆம் ஆண்டில், இந்த ஏடுகளை அச்சிட வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸ் சபை தீர்மானித்துவிட்டது. ஆனால் வேலை நெடுங்காலம் ஊர்ந்தது. ராபர்ட் ஸ்காட் என்ற படை அதிகாரி பொறுப்பேற்ற பின்புதான் அதற்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. போர் நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஏடுகள்தாம் இடம் பெறும். பின்னாளில் நினைவிலிருந்து எழுதிய எதற்கும் இடமில்லை என்று அவர் விதி செய்தார். சேனாதிபதிகள் பலர் உயிரோடிருந்து ஒருவரையொருவர் பத்திரிகைகளில் தூற்றிக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஒரு விதி செய்வதற்குத் துணிவு வேண்டும். 1880 முதல் 1901 வரை 128 புத்தகங்களாக அந்தத் தொகுப்பு வெளிவந்தது. பக்கங்கள் 1,38,000-க்கு மேல். நிலப்படங்கள் ஏறத்தாழ ஆயிரம். ஸ்காட் அதன் நிறைவைக் காணாமலே 1887-இல் காலமானார்.

தோற்றவர்களின் ஏடுகள் என்னவாயின? தென்மாநிலங்களின் தலைநகரான ரிச்மண்ட் நகரம் 1865 ஏப்ரல் தொடக்கத்தில் கைவிடப்பட்டபோது தீப்பற்றி எரிந்தது. அந்நெருப்பில் பல ஏடுகள் அழிந்தன. ஆயினும், சாமுவேல் கூப்பர் என்னும் முதிய தென்மாநிலச் சேனாதிபதி, தம் அலுவலகத்தின் ஏடுகளைப் பெட்டிகளில் அடைத்துப் புகைவண்டியேற்றி வடகரோலினாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, அவற்றை எரித்துவிடாமல் வென்றவர்களிடமே ஒப்புவிக்க ஏற்பாடு செய்தார். அந்த ஒரு செயலுக்காக வரலாற்று மாணவன் அவருக்குக் கடமைப்பட்டவன். பின்னர் 1878-இல், மார்க்கஸ் ரைட் என்ற மற்றொரு முன்னாள் தென்மாநிலச் சேனாதிபதியையே அரசாங்கம் வேலைக்கு அமர்த்தி, அவருடைய பழைய தோழர்களின் வீடுகளிற் கிடந்த காகிதங்களைத் திரட்டச் செய்தது. வாஷிங்டனிலிருந்து வேறு யார் போய்க் கேட்டிருந்தாலும் அந்த வீடுகளில் கதவு திறந்திராது.

இனி, அறிக்கையை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ஓர் அறிக்கை யாருக்காக எழுதப்பட்டது என்பதை முதலில் கேட்க வேண்டும். தோல்வியுற்றவன் தன்மீது பழி வராதபடி எழுதுவான். வென்றவன் தன் பங்கைப் பெரிதாக்குவான். சில சமயம், அறிக்கை இல்லாதிருப்பதே ஒரு செய்தியாகும்.

ஜூலை 3-ஆம் நாள் பீரங்கி முழக்கம் ஓய்ந்ததும், தென்மாநிலப் படையினர் ஏறத்தாழ 12,500 பேர் திறந்த வெளியைக் கடந்து வடவரின் அணியைத் தாக்கினர். பாதிப்பேருக்கு மேல் மாண்டனர், காயமுற்றனர், அல்லது பிடிபட்டனர். ‘பிக்கெட்டின் தாக்குதல்’ என்று அது பெயர் பெற்றுவிட்டது. ஆனால் அந்தப் பிக்கெட்டின் அறிக்கையை மேற்சொன்ன 128 புத்தகங்களில் எங்கும் காணமுடியாது. அவர் அறிக்கை எழுதாமல் இல்லை. எழுதியதைப் படித்த பெருந்தலைவர் லீ, அதிலிருந்த குறைகூறல்கள் பிளவை உண்டாக்கும் என்று கருதி, மூலத்தையும் படியையும் அழித்துவிட்டு, இழப்புக் கணக்கை மட்டும் எழுதியனுப்புமாறு சொன்னார். லீயின் அந்தக் கடிதம் தொகுப்பில் இருக்கிறது; பிக்கெட்டின் அறிக்கை இதுவரை கிட்டவில்லை. அதில் யார்மீது என்ன பழி இருந்தது என்பதைப் பற்றி நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊகங்கள் பெருகியிருக்கின்றன. எழுதி அழிக்கப்பட்ட அந்த ஏட்டின்மீது செலவான மைக்கு அளவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்கிறேன். அதே போரின் இரண்டாம் நாள், லிட்டில் ரவுண்டு டாப் என்ற பாறைக் குன்றின் இடக்கோடியை மேன் மாநிலத்து 20-ஆம் ரெஜிமெண்டு காத்து நின்றது. அதன் தலைவர் சேம்பர்லேன். போருக்கு முன் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1863 ஜூலை 6 என்று நாளிட்ட அவருடைய அறிக்கை தொகுப்பில் அழகாக அச்சாகியுள்ளது. ஆனால் மூல அறிக்கை அகப்படாமையால், தொகுப்பாசிரியர்கள் கேட்டதன் பேரில், 1884-ஆம் ஆண்டில் தம் குறிப்புகளைக் கொண்டு அவர் மீண்டும் எழுதித் தந்ததே அங்கு அச்சானது என்று ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்துள்ளனர். நினைவிலிருந்து எழுதியது கூடாது என்ற விதியின் கண்ணைத் தப்பி ஒன்று உள்ளே வந்துவிட்டது! சேம்பர்லேன் நேர்மையானவர் என்பதில் ஐயமில்லை. எனினும், போர் முடிந்த நான்காம் நாள் ஒருவர் எழுதுவதும், இருபத்தோராண்டு கழித்து, அதே நிகழ்ச்சியைப் பற்றிப் பல மேடைகளிற் பேசிய பிறகு எழுதுவதும் ஒன்றாகா. அவரை எதிர்த்து நின்ற அலபாமா 15-ஆம் ரெஜிமெண்டின் தலைவர் ஓட்ஸ், முதுமையில், தம் படை எட்டிய இடத்தில் ஒரு நினைவுக்கல் நாட்ட விரும்பினார். அவருடைய தம்பி அங்கே பட்ட காயத்தால் மாண்டவன். அந்தக் கல் எங்கே நிற்கவேண்டும் என்பதில் இரு கிழவர்களுக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. கல் இன்றுவரை நாட்டப்படவேயில்லை.

எண்களையும் நம்பிவிடக் கூடாது. கெட்டிஸ்பர்க்கில் வடவர் இழப்பு, மாண்டவர் 3,155, காயமுற்றவர் 14,529, பிடிபட்டோரும் காணாமற்போனோரும் 5,365. ஆக மொத்தம் 23,049. ரெஜிமெண்டு வாரியாகக் கூட்டிப் பெற்ற கணக்கு இது. தென்மாநிலத்தார் கணக்கு, மாண்டவர் 2,592, காயமுற்றவர் 12,709, காணாமற்போனோர் 5,150 என்கிறது. கூட்டினால் 20,451. தோற்றுப் பின்வாங்கியவர்களுக்குக் குறைந்த இழப்பா என்று நீங்கள் வியக்கலாம். அதே பக்கத்தில் தொகுப்பாசிரியர் ஒரு சிறு குறிப்புச் சேர்த்திருக்கிறார்: ஜூலை 1 முதல் 5 வரை கெட்டிஸ்பர்க்கிலும் சுற்றுப்புறத்திலும் பிடிபட்ட தென்மாநிலச் சிப்பாய்கள் 12,227 பேரின் பெயர்கள் வாஷிங்டன் அலுவலகப் பதிவில் இருக்கின்றன என்பதே அது. 5,150 எங்கே, 12,227 எங்கே! பிடிபட்டவர்களிற் பலர் காயமுற்றவர்கள். ஆகையால் இரு கணக்கையும் அப்படியே சேர்த்துவிடவும் முடியாது. மேலும், போருக்கு ஏழு வாரம் முன்பு, மே 14-ஆம் நாள், லீ ஒரு கட்டளை பிறப்பித்திருந்தார். வேலைக்கு உதவாதபடி காயமுற்றவர்களை மட்டுமே கணக்கிற் காட்டவேண்டும். சிறு காயங்களைச் சேர்த்தல் கூடாது என்பது அக்கட்டளை. வடவரோ சிறு காயத்தையும் சேர்த்தனர். ‘காயம்’ என்ற ஒரே சொல் இரு படைகளில் இரு பொருள் தந்தது. இந்தக் கட்டளையை அறியாமல் இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடும் நூல்கள் பல. தென்மாநிலத்தார் இழப்பு 23,000-க்கும் 28,000-க்கும் இடையே இருக்கலாம் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர்.

ஓர் எண்ணுக்கே இத்தனை என்றால், ஓர் எழுத்து செய்த வேலையைக் கேளுங்கள். 1862 செப்டம்பர் 13-ஆம் நாள் காலை, மேரிலாந்து மாநிலத்துப் பிரெடரிக் நகரருகே, வடமாநிலச் சிப்பாய்கள் சிலர் ஒரு புல்வெளியில் ஓய்வாக இருந்தனர். மூன்று சுருட்டுகளைச் சுற்றிய ஒரு காகிதம் அவர்கள் கண்ணிற் பட்டது. பிரித்துப் பார்த்தால், தம் படையை நான்கு திசைகளிற் பிரித்தனுப்ப லீ பிறப்பித்த இரகசியக் கட்டளையின் படி! அது மேல் மேல் அதிகாரிகள் வழியாகச் சேனாதிபதி மெக்லெல்லனிடம் போய்ச் சேர்ந்தது. பகைவர் திட்டம் தம் கையிலிருப்பதாக மகிழ்ந்து, அவர் ஜனாதிபதி லிங்கனுக்குத் தந்தியடித்தார். ஆனால் அவர் படையின் பெரும்பகுதி மறுநாள் காலையில்தான் நகர்ந்தது. நான்கு நாள் கழித்து ஆன்டீட்டம் ஓடைக்கரையில் ஒரே நாளில் இருதரப்பிலும் சேர்ந்து ஏறத்தாழ 22,700 பேர் வீழ்ந்தனர். சில மணி நேரம் முந்தியிருந்தால் லீயின் சிதறிய படையைத் தனித்தனியே அழித்திருக்கலாமே என்பது மெக்லெல்லன்மீது சாட்டப்பட்ட பெருங்குற்றம்.

அச்சான தொகுப்பில் அத்தந்தியின் தலைப்பில், ‘12 எம்’ என்று நேரம் குறித்திருக்கிறது. அக்கால அமெரிக்க வழக்கில் அவ்வெழுத்து நண்பகலைக் குறிக்கும். ஆகவே, நண்பகலுக்கே அவருக்கு எல்லாம் தெரியும். பதினெட்டு மணி நேரம் கைகட்டியிருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டனர். ஆனால் அதே தலைப்பில், தந்தி வந்து சேர்ந்த நேரம் மறுநாள் அதிகாலை 2 மணி 35 நிமிடம் என்றும் இருக்கிறது. ஒரு தந்திக்குப் பதினாலரை மணி நேரமா? தந்திக்கம்பிகளைப் பகைவர் அறுத்திருந்தனர் என்று இதற்குச் சமாதானம் சொல்லி வந்தார்கள். பின்னர் ஒருவர், காங்கிரஸ் நூலகத்திலுள்ள லிங்கனின் ஏடுகளிடையே அத்தந்தியின் மூலப்படியையே எடுத்துப் பார்த்தார். அதில், ‘12 நள்ளிரவு’ என்று முழுச் சொல்லாகவே எழுதியிருந்தது. அச்சிட்டவர்கள் சுருக்கியதில் பகல் இரவு மாறிவிட்டது! இதனால் மெக்லெல்லன் முற்றிலும் குற்றமற்றவராகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். அன்று பிற்பகல் 3 மணிக்கே குதிரைப்படைத் தலைவருக்கு அக்கட்டளையைப் பற்றி அவர் அலுவலகம் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆயினும், வழக்கில் மிக வலிய சாட்சியாக நூற்றாண்டுக்கு மேல் நின்ற ஒன்று விழுந்துவிட்டது.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். கெட்டிஸ்பர்க் போர் முடிந்த சில நாட்களுக்குள் அலெக்சாண்டர் கார்ட்னர் என்ற புகைப்படக்காரர் தம் உதவியாளர்களோடு களத்துக்கு வந்தார். பாறைகளுக்கு இடையே கல்லடுக்கிய ஒரு மறைவிடம். அங்கே மாண்டு கிடக்கும் ஓர் இளஞ்சிப்பாய். சுவரிற் சாய்ந்து நிற்கும் துப்பாக்கி. உலகறிந்த படம் அது. மறைந்திருந்து சுடும் வீரன் ஒருவன் அங்கேயே தனியே உயிர்விட்டான் என்று கார்ட்னர் 1866-இல் வெளியிட்ட தொகுதியில் விளக்கம் எழுதினார். வில்லியம் பிராசனிட்டோ என்பவர் பழைய படங்களைக் கையிலேந்திக் களமெங்கும் நடந்து, பாறைகளின் வடிவத்தைக் கொண்டு ஒவ்வொரு படமும் எடுத்த இடத்தைக் கண்டறிந்தார். 1975-இல் அவர் வெளியிட்ட நூலில், அதே உடல் சிறிது தொலைவில் வேறொரு சரிவிலும் கிடப்பதைக் காட்டினார். புகைப்படக்காரர்கள் அவ்வுடலைத் தூக்கிவந்து கிடத்தியிருந்தார்கள். துப்பாக்கியும் அவர்கள் வைத்ததே. அந்த இளைஞன் யார் என்று மட்டும் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, இவையெல்லாம் அறிவாளிகளின் பொழுதுபோக்கு என்று நீங்கள் நினைத்துவிடலாம். ஆகையால் வேறொரு களத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். மிசிசிப்பி ஆற்றின் கரையில், டென்னசி மாநிலத்தில், பில்லோக் கோட்டை இருந்தது. 1864 ஏப்ரல் 12-ஆம் நாள் அதை வடமாநிலப் படையினர் ஏறத்தாழ 600 பேர் காத்து நின்றனர். அவர்களிற் பாதிப்பேர் கறுப்பினத்தவர். பெரும்பாலோர் அண்மை வரையில் அடிமைகளாக இருந்தவர்கள். எஞ்சியோர் வடக்கின் பக்கம் சேர்ந்த டென்னசி வெள்ளையர். பாரஸ்ட் என்ற தென்மாநிலக் குதிரைப்படைத் தலைவர் அவர்களைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட படையோடு வந்து கோட்டையைச் சூழ்ந்தார். சரணடையுமாறு கேட்டார், உள்ளிருந்தோர் மறுத்தனர். பிற்பகலில் அவர் படை மதிலேறிப் புகுந்தது. அதன்பின் நடந்தது போரா, படுகொலையா? இதுவே வினா.

ஆயுதத்தைக் கீழே போட்டு, மண்டியிட்டுக் கெஞ்சியவர்களைச் சுட்டுக் கொன்றார்கள் என்று உயிர்தப்பியோர் கூறினர். காங்கிரஸ் சபையின் குழுவினர் மருத்துவமனைக்கே சென்று காயமுற்றோரிடம் வாக்குமூலம் வாங்கி அச்சிட்டனர். தென்மாநிலத்தார் அதை முழுதும் மறுத்தனர். கோட்டையின் கொடி இறக்கப்படவில்லை. ஆற்றை நோக்கி ஓடியவர்கள் சுட்டுக்கொண்டே ஓடினார்கள். குழுவின் அறிக்கை போர்க்காலப் பிரசாரம் என்றனர். குழு அச்சிட்ட சாட்சியங்களிற் சில மிகைப்பட்டவை என்பதும் உண்மைதான். அந்தச் சில மிகைகளைக் காட்டியே முழுதையும் பொய்யென்று தள்ளிவிட நெடுங்காலம் பலர் முயன்றனர். போருக்குப் பின் வந்த தலைமுறையில், வடக்கும் தெற்கும் கைகுலுக்கிக் கொள்ள விரும்பிய அந்நாட்களில், பில்லோக் கோட்டையைப் பற்றிப் பேசுவதே நாகரிகக் குறைவாகக் கருதப்பட்டது. அங்கே இறந்தவர்களின் மக்களை யாரும் கேட்கவில்லை.

ஏடுகள் என்ன சொல்லுகின்றன? பாரஸ்ட் தாமே மூன்று நாள் கழித்து எழுதிய அறிக்கை தொகுப்பில் இருக்கிறது. கொல்லப்பட்டோரின் குருதியால் ஆறு இருநூறு கஜம் வரை சிவந்தது என்றும், கறுப்புச் சிப்பாய்கள் தென்னாட்டாரை எதிர்க்கவியலாது என்பதை வடக்கத்தியருக்கு இது உணர்த்தும் என்றும் அவர் அதில் எழுதியுள்ளார். தம் பக்கத்தில் இறந்தோர் 20 பேரளவே என்கிறார். அவர் படையைச் சேர்ந்த ஒரு சார்ஜெண்டு, சண்டைக்கு இரண்டு நாள் கழித்துத் தம் சகோதரிகளுக்கு எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. கெஞ்சியவர்கள் சுடப்பட்டதைக் கண்ணாற் கண்டவராக, மனம் நொந்து அவர் அதில் எழுதியிருக்கிறார். குற்றஞ்சாட்டப்பட்ட பக்கத்திலிருந்தே வந்த இத்தகைய சாட்சியத்தை, அதுவும் அச்சுக்காக எழுதாமல் வீட்டுக்காக எழுதியதை, வரலாற்று மாணவன் மிக உயர்வாக மதிக்க வேண்டும்.

ஆயினும், சொல்லுக்குச் சொல் நிறுத்துக்கொண்டே இருந்தால் முடிவேது? 1980-களில் சிம்ப்ரிச், மெயின்போர்ட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு வழியில் இறங்கினர். கோட்டையிலிருந்த ஒவ்வொரு சிப்பாயையும் பெயர் பெயராக எடுத்து, அவன் கதி என்னவாயிற்று என்று படைப்பதிவுகளிலிருந்து கணக்கிட்டனர். வெள்ளைச் சிப்பாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மாண்டிருந்தனர். கறுப்புச் சிப்பாய்களிலோ ஏறத்தாழ மூன்றில் இருவர். ஒரே கோட்டை, ஒரே நாள், ஒரே பகைவர். சண்டையில் மட்டும் இறந்திருந்தால் இரண்டு பங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது? குண்டுக்குத் தோலின் நிறம் தெரியாது. குறி பார்ப்பவனுக்குத் தெரியும். சம்பளம் கொடுப்பதற்காக எழுதிவைத்த பட்டியல்கள், எழுதியவர்கள் கனவிலும் கருதாத ஒரு வழக்கில் சாட்சி சொல்லின.

இந்தச் சிப்பாய்ப் பதிவுகளின் வரலாறும் அறியத்தக்கது. போருக்குப் பின் ஓய்வூதியம் கேட்டு இலட்சக்கணக்கான மனுக்கள் வந்தன. ஒவ்வொரு மனுவுக்கும் நைந்த பெயர்ப்பட்டியல்களைப் புரட்டியதால் அவை கிழிந்து தூளாகத் தொடங்கின. ஐன்ஸ்வொர்த் என்ற படைமருத்துவரின் மேற்பார்வையில், பட்டியல்களில் ஒரு சிப்பாயின் பெயர் வருமிடமெல்லாம் தனித்தனி அட்டையில் எழுதி, அவனுக்கென்று ஓர் உறையில் சேர்த்தனர். அந்த வேலை நடந்த கட்டடங்களில் ஒன்று வாஷிங்டனிலுள்ள போர்டு நாடக அரங்கு. ஆம், 1865-இல் லிங்கன் சுடப்பட்ட அதே அரங்குதான், பின்பு அரசாங்கம் அதை வாங்கி அலுவலகமாக மாற்றியிருந்தது. 1893 ஜூன் 9-ஆம் நாள், அடித்தளத்திற் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது, மாடித் தளங்கள் சரிந்து விழுந்தன. அட்டை எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாக்கள் 22 பேர் மாண்டனர். போர் முடிந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஓய்வூதிய மனுக்களைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போரில் வடக்கின் பக்கம் ஏறத்தாழ 1,79,000 கறுப்பினத்தவர் படையிற் சேர்ந்தனர். இறந்தவனின் மனைவி உதவி பெற வேண்டுமாயின் திருமணத்தை மெய்ப்பிக்க வேண்டும். அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் ஒப்புக்கொண்டதில்லை, பதிவேடும் இல்லை. 1864-இல் காங்கிரஸ் சபை விதியைத் தளர்த்தி, கணவன் மனைவியராக வாழ்ந்ததற்குச் சாட்சியம் போதும் என்றது. ஆகவே, உடன் அடிமையாயிருந்தவர்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சி, சில சமயம் பழைய எசமானனே கூட, வந்து சாட்சி சொன்னார்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தாள், யாருக்கு விற்கப்பட்டாள், எத்தனை குழந்தைகள், கணவன் எந்த இரவில் தப்பியோடிப் படையிற் சேர்ந்தான் என்பனவெல்லாம் குமாஸ்தாவின் கையெழுத்தில் இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவள் பெயருக்கு எதிரே பெருக்கற்குறி இட்டிருக்கிறாள். சேனாதிபதிகளின் நினைவுக்குறிப்பு நூல்களைவிட இக்கட்டுகளை நான் பெரிதாக மதிப்பேன்.

ஏடே இல்லாதவர்களின் போரை என் செய்வது? 1876 ஜூன் 25-ஆம் நாள், மாண்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், கஸ்டர் என்ற அதிகாரியும் அவரோடு நின்ற ஏறத்தாழ 210 பேரும் லகோட்டா, செயென் குடியினரால் முற்றிலும் அழிக்கப்பட்டனர். நடந்ததைக் கண்டு உயிரோடிருந்தவர்கள் அக்குடியினரே. அவர்கள் சொன்னதை நிருபர்களும் அதிகாரிகளும் கேட்டு எழுதத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்றுக்கொன்று முரண் என்று சொல்லிப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். 1983-இல் அக்களத்தில் புல் தீப்பற்றி எரிந்து நிலம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் தொல்பொருள் அறிஞர்கள் ஒவ்வொரு தோட்டா உறையும் கிடந்த இடத்தை அளந்து குறித்தனர். உறையின் அடியில் துப்பாக்கியின் ஊசி பதித்த தழும்பைக் கொண்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கெங்கே நகர்ந்தது என்றும் கண்டனர். கஸ்டரின் ஆட்களிடம் இல்லாத, அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிகளின் உறைகள் ஏராளமாக அகப்பட்டன. முடிவில், பழங்குடியினர் கூறியவற்றிற் பெரும்பகுதி நிலத்திற் கண்டதோடு ஒத்துப்போயிற்று. முரண் என்று தள்ளியவர்கள், ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்திலிருந்து கண்டதைத்தான் சொல்வார்கள் என்பதை மறந்துவிட்டார்கள். கெட்டிஸ்பர்க்கின் அதிகாரிகளும் அதைத்தானே செய்தார்கள்!

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்தவை என்றும் பத்திரமாக இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் தேசிய ஆவணக் காப்பகம் என்று ஒன்று ஏற்பட்டதே 1934-ஆம் ஆண்டில்தான். அதன்பின்பும், 1973 ஜூலை 12-ஆம் நாள், செயிண்ட் லூயிஸ் நகரில் சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருந்த கட்டடத்தின் மேல்மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 இலட்சத்துக்கும் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் இடையிலான பதிவுக் கட்டுகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரையில் தரைப்படையிலிருந்து விலகியோரின் பதிவுகளில் நூற்றுக்கு எண்பது போய்விட்டன. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் அதில் அடங்கும். படியும் இல்லை, பெயர் அட்டவணையும் இல்லை.

எரிந்தது போக எஞ்சியவை தீயணைத்த நீரில் ஊறிப் பூசணம் பூக்கத் தொடங்கின. விமானக் கம்பெனி ஒன்றின் காற்றகற்றும் பெருங்கூடத்தில் அவற்றைப் பெட்டி பெட்டியாக அடுக்கி உலர்த்தினார்கள். இன்றும் ஒரு பேரனோ பேர்த்தியோ தம் பாட்டனாரின் பதிவைக் கேட்டு எழுதினால், சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு முதலிய வேறு ஏடுகளிலிருந்து அவர் பணியை மீண்டும் கோத்துத் தருகிறார்கள். கருகிய கட்டு ஒன்று அகப்பட்டால், அங்கேயுள்ள பணியாளர்கள் கையுறை அணிந்து, ஓரம் கரிந்த தாள்களைத் தகட்டால் ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்து, நடுவில் எஞ்சியிருக்கும் எழுத்துக்களைப் படியெடுத்து அனுப்புகிறார்கள்.